சோலார் மானியம் வாங்கித் தருவதாக வீடு தேடி வருபவரிடம் பணம் கொடுக்காதீர்கள்

கடந்த வாரம் முன்னீர்பள்ளத்தில் இருக்கும் என் தங்கையின் வீட்டுக்கு ஒருவர் வந்து, மாடியில் சோலார் வைப்பதற்கு மத்திய அரசு, மாநில அரசு இரண்டிடமும் மானியம் வாங்கித் தருவதாகவும், பதிவுக்காக இப்போது 3,500 ரூபாய் கொடுத்தால் போதும் என்றும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவள் அதைத் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, 2024 ஆடி மாதம் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒருவர் பேசிய அதே பேச்சாக, தொகைகூட மாறாமல் இருந்தது. எனவே எனக்கு நேர்ந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இரண்டு மாதக் கணக்கு எழுநூறு யூனிட்டைத் தாண்டி, கட்டணம் நாலாயிரம் ரூபாய்க்கு மேல் வந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் வீட்டு மாடியில் சோலார் வைக்க மானியம் தரும் மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டம் தொடங்கப்பட்டிருந்தது. விசாரிக்க வேண்டும் என்று நானே நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில், நீல நிறக் கோப்பு ஒன்றோடு அவர் வந்தார். "அண்ணாச்சி, நீங்க எந்த ஆபீசுக்கும் அலைய வேண்டாம், எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்றார். மூன்று கிலோவாட்டுக்கு மொத்த விலை 2,05,000 ரூபாய், அதில் மத்திய அரசு 78,000 ரூபாயும் மாநில அரசு 60,000 ரூபாயும் தந்துவிடும், கைக்காசு 67,000 மட்டுமே என்பது அவர் போட்ட கணக்கு. மாநில மானியத்துக்குச் சான்றாக, ஒரு கிலோவாட்டுக்கு 20,000 ரூபாய் என்று அச்சிட்ட தாள் ஒன்றையும் காட்டினார்.

அந்தத் தாள் பொய்யானதல்ல என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. 2013 வாக்கில் தமிழ்நாட்டில் முதலமைச்சரின் பெயரில் அப்படியொரு ஊக்கத்தொகைத் திட்டம் உண்மையாகவே இருந்தது. அது முடிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பசுமை வீடுகள் திட்டத்தில் சோலார் விளக்குகளோடு கட்டித் தரப்பட்ட வீடுகளை நம் கிராமங்களில் எல்லோரும் பார்த்திருக்கிறோம் ஆகையால், அரசு கொடுக்கும் என்று ஒருவர் சொன்னால் நம் பக்கத்தில் சந்தேகம் எழுவதில்லை. தேதியைப் பார்க்காமல் அந்தத் தாளை நானும் நம்பினேன்.

முதலில் பதிவுக் கட்டணம் 3,500, பத்து நாள் கழித்து ஆய்வுக் கட்டணம் 6,000, பிறகு முன்பணம் ஒரு லட்சம் என்று வாங்கினார். எல்லாம் அவருடைய சொந்த வங்கிக் கணக்குக்கே போயிற்று. விண்ணப்பத்தைத் தன் கைப்பேசியிலேயே, தன் எண்ணையே கொடுத்துப் பதிவு செய்தார். ஓ.டி.பி. அடிக்கடி வரும், உங்களுக்குத் தொந்தரவாக இருக்கும் என்று அதற்குக் காரணம் சொன்னார். என் மின் இணைப்பு எண்ணில், என் பெயரில் உள்ள விண்ணப்பத்தை நான் திறந்து பார்க்கவே முடியாமல் போனது இதனால்தான்.

புரட்டாசியில் ஆறு பேனல்களை மாட்டினார்கள். மீதி 1,05,000 ரூபாயை அன்று மாலையே வாங்கிக்கொண்டு, நெட் மீட்டர் (நாம் எடுக்கும் மின்சாரத்தையும் வெளியே அனுப்பும் மின்சாரத்தையும் தனித்தனியாக எண்ணும் மீட்டர்) ஒரு மாதத்தில் வந்துவிடும், அதுவரை சும்மா போட்டு ஓட்டுங்கள் என்று சுவிட்சைப் போட்டுவிட்டுப் போனார். ஐப்பசி மழையில் தாங்கு கம்பிகளின் போல்ட்டுகள் துருப்பிடித்து, மாடிச் சுவரில் செம்மண் கரைத்து ஊற்றியதுபோல் கோடு கோடாக இறங்கியது. அடுத்து வந்த மின் கணக்கோ குறைவதற்குப் பதிலாகத் தொள்ளாயிரம் யூனிட்டாக ஏறியிருந்தது. அவரை அழைத்தால் முதலில் ஊரில் இல்லை என்றார், பிறகு எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

இ.பி. அலுவலகத்துக்குப் போன பிறகுதான் நடந்தது முழுவதும் விளங்கியது. உதவிப் பொறியாளர் பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்தார். என் பெயரில் பதிவு மட்டும் இருந்தது, நிறுவனம் எதுவும் தேர்வு செய்யப்படவில்லை. மாட்டிய நிறுவனம் இந்தத் திட்டத்தில் பதிவு பெற்றதே அல்ல. நெட் மீட்டர் இல்லாமல் சோலாரை ஓட்டியதால், நாங்கள் வெளியே அனுப்பிய மின்சாரத்தையும் பழைய டிஜிட்டல் மீட்டர் எங்கள் செலவாகவே எண்ணியிருக்கிறது. அனுமதியில்லாமல் லைனோடு இணைப்பது கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிருக்கே ஆபத்து என்று அவர் கண்டித்தார். அது எனக்கு மிகவும் உறைத்தது. அன்றே அணைத்துவிட்டோம்.

பிறகு அவர் மாடிக்கு வந்து, கைப்பேசி விளக்கை அடித்து, பேனலின் பின்புறம் ஒட்டியிருந்த சீட்டை எனக்குப் படித்துக் காட்டினார். மேட் இன் இந்தியா என்றுதான் அதில் இருந்தது. ஆனால் பேனலை இங்கே பூட்டினால் மட்டும் போதாது, உள்ளே இருக்கும் செல்லும் இந்தியாவிலேயே செய்ததாக இருந்தால்தான் மானியம் உண்டு. இதை டி.சி.ஆர். பேனல் என்கிறார்கள். வெளிநாட்டுச் செல்லை வாங்கி இங்கே பூட்டிய பேனல் விலை குறைவு, பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பாளையங்கோட்டையிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் கங்கைகொண்டானில் டாடா பவர் ஆலையில் செல்லும் பேனலும் செய்கிறார்கள், அப்படியிருந்தும் மானியத்துக்கு உதவாத பேனல் என் மாடிக்கு ஏறியிருக்கிறது. ஆகவே சீட்டை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு பேனலின் வரிசை எண்ணும் குறிப்பிட்ட டி.சி.ஆர். சான்றிதழைக் கேட்டு வாங்கி, மாட்டுவதற்கு முன் எண்களை ஒத்துப் பாருங்கள்.

என் பணத்தைவிட எனக்கு மனவேதனை தந்தது எதிர்வீட்டு அக்காவின் காரியம். பீடி சுற்றிப் பிழைக்கும் அந்த அக்கா, நான் நல்லவிதமாகச் சொன்னதைக் கேட்டுத்தான் கம்மலை அடகு வைத்து அந்த நீலக் கோப்புக்காரருக்கு 9,500 ரூபாய் கொடுத்தார்கள். இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் என்பதால் அவர்கள் வீட்டுக்கு மின் கட்டணமே வருவதில்லை, கூரையோ ஓடு. சோலாரால் ஒரு ரூபாய்கூட மிச்சப்படாத வீடு என்பது அந்த மனிதருக்கு உள்ளே நுழைந்ததுமே தெரிந்திருக்கும். தெரிந்தே வாங்கியிருக்கிறார்.

உண்மையான திட்டம் இவ்வளவுதான். ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் எவ்வளவு வைத்தாலும் 78,000 ரூபாய். விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. ஜிஓவி டாட் இன் என்று முடியும் அரசு இணையதளத்தில், உங்கள் கைப்பேசி எண்ணைக் கொண்டு, உங்கள் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்து நீங்களே பதிவு செய்யலாம். பதிவு பெற்ற நிறுவனங்களின் பட்டியலும் அதிலேயே இருக்கிறது, அதில் இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்டு ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். பேனல் மாட்டி, நெட் மீட்டர் பொருத்தி, மின் வாரியம் ஆய்வு செய்த பிறகுதான் மானியம் வரும், அதுவும் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும். இடையில் யாருடைய கைக்கும் அது போவதில்லை. ஆதலால் மானியத்தை வாங்கித் தரக் கட்டணம் என்று ஒருவர் கேட்டால், இல்லாத வேலைக்குக் கூலி கேட்கிறார் என்று பொருள். கைக்காசு போதாதவர்களுக்கு வங்கிகள் இத்திட்டத்துக்கென்றே குறைந்த வட்டியில் கடன் தருகின்றன. விவரம் கேட்க 15555 என்ற எண்ணை அழைக்கலாம்.

பணத்தை அனுப்பிவிட்டு ஏமாந்தது தெரிந்தால், அன்றைக்கே இணையப் பண மோசடிகளுக்கான உதவி எண் 1930-க்கு அழையுங்கள். நான் வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு மாதம் தாமதித்தேன், அதற்குள் அந்தக் கணக்கில் பணம் எதுவும் இல்லை. காவல் நிலையத்தில் அந்த ஆளை விசாரணைக்கு அழைத்த பின் அக்காவின் 9,500 ரூபாய் மட்டும் திரும்பி வந்தது, கம்மலை மீட்டுவிட்டார்கள். என் 2,14,500 ரூபாய்க்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் இல்லை, பாதிப்பு நேர்ந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.

முன்னீர்பள்ளத்துக்கு வந்தவரும் அதே ஆள்தானா என்று உறுதியாக எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் அவரிடம் பணம் கொடுத்த மற்றவர்களும் நானும் வருகிற திங்கட்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கப் போகிறோம். நீல நிறக் கோப்போடு வந்த ஒருவரிடம் நீங்களும் பணம் கொடுத்திருந்தால், பணம் அனுப்பிய விவரத்தையும் அவர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு ஏதேனும் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு காலை பத்து மணிக்கு அங்கே வந்துவிடுங்கள்.