செக்அவுட்டா, ஸ்விட்சும் ரெஸ்டோருமா? பழைய கிட் குறிப்பைத் திருத்தும் மூன்று வழிகள்

கிட் என்பது ஃபைல்களின் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் மென்பொருள், பிராஞ்ச் என்பது அதில் தனியாக வளரும் ஒரு கிளை. பிராஞ்ச் மாறவும் கிட் செக்அவுட், மாற்றிவிட்ட ஃபைலைப் பழையபடி ஆக்கவும் அதே கிட் செக்அவுட். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் மாணவர்கள் கைமாற்றிக்கொள்ளும் தமிழ்க் குறிப்புகளில் நான் பார்த்தவை இன்னும் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கின்றன. 2019 ஆகஸ்டில் வந்த கிட் 2.23 அந்த வேலையை இரண்டாகப் பிரித்தது: பிராஞ்ச் மாற ஸ்விட்ச், ஃபைலை மீட்க ரெஸ்டோர். நிலவரம் பார்க்கும் கிட் ஸ்டேட்டஸ் கட்டளை காட்டும் யோசனையும் அப்போதிருந்து ரெஸ்டோர் என்றே வருகிறது. தாளில் ஒன்று, திரையில் இன்னொன்று என்றால் புதிதாகப் படிக்கிற பிள்ளை எதை நம்பும்? திருத்தத்தான் வேண்டும். எப்படி என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து.

செக்அவுட்டை அப்படியே விட்டுவிடலாம் என்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அந்தக் கட்டளை நீக்கப்படவில்லை, இன்றும் ஓடுகிறது. ஆய்வகக் கணினியில் உபுண்டு 18.04 என்ற இயங்குதளம் இருந்தால் அதோடு வருவது கிட் 2.17, அங்கே ஸ்விட்ச் என்று அடித்தால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று பதில் வரும். 20.04-இல் இருப்பது 2.25, அங்கே சிக்கல் இல்லை. நம்ம பிள்ளைகள் ரயில் பிடித்து வேலைக்குப் போகும் திருவனந்தபுரத்து டெக்னோபார்க்கிலும் பழைய ஸ்கிரிப்ட்களைத் திறந்தால் செக்அவுட்தான் கண்ணில் படும். ஆனால் தொடக்கக்காரருக்கு அது ஆபத்தான கருவி. பேருந்து நேரங்களைத் தொகுக்கும் ஒரு மாணவர் புராஜெக்ட்டை எடுத்துக்கொள்வோம். வடசேரி என்ற பிராஞ்சைத் தோழி உருவாக்கியிருக்கிறாள், ஆனால் இன்னும் புஷ் செய்யவில்லை, அதாவது மற்றவர்கள் எடுக்கும் பொது இடத்துக்கு அனுப்பவில்லை. இவன் கணினியில் அதே பெயரில் ஒரு ஃபோல்டர் மட்டும் இருக்கிறது. பிராஞ்சுக்குப் போவதாக நினைத்து கிட் செக்அவுட் வடசேரி என்று அடிக்கிறான். ஸ்டேஜ் செய்யாமல் (அடுத்த கமிட்டுக்கு, அதாவது அடுத்த பதிவுக்கு, எடுத்து வைக்காமல்) அந்த ஃபோல்டரில் செய்து வைத்திருந்த திருத்தமெல்லாம் ஒரு கேள்வியும் இல்லாமல் போய்விடும். ஸ்விட்ச் என்று அடித்திருந்தால் அப்படி எந்த பிராஞ்சும் இல்லை என்று அங்கேயே நின்றிருக்கும்.

இரண்டாவது வழி, செக்அவுட் வரும் இடமெல்லாம் புதுப் பெயரைப் போட்டுவிடுவது. பத்து நிமிஷ வேலை, அதனால்தான் பலரும் இதற்கு ஆசைப்படுகிறார்கள். பிராஞ்ச் மாறும் வரிகளில் இது பெரும்பாலும் சரியாக வரும். புது பிராஞ்ச் தொடங்கக் கட்டளையோடு சேர்க்கும் எழுத்து 'பி'யிலிருந்து 'சி'க்கு மாறுகிறது, பிராஞ்சுக்குப் பதில் ஒரு கமிட் எண்ணுக்குத் தாவ டிடாச் என்ற ஆப்ஷனை வெளிப்படையாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். ரெஸ்டோர் பக்கம் அப்படியல்ல. மெயின் என்ற முதன்மை பிராஞ்சிலிருந்து ஒரு ஃபோல்டரை செக்அவுட் மூலம் எடுத்தால் வேலை செய்யும் ஃபைலும் மாறும், ஸ்டேஜும் மாறும். அதையே ரெஸ்டோரில் சோர்ஸ் ஆப்ஷன் கொடுத்துச் செய்தால் ஃபைல் மட்டும் மாறும், ஸ்டேஜ் அசையாது. அடுத்த வரியில் 'இப்போது கமிட் செய்யவும்' என்று பழைய குறிப்பு சொன்னால், கமிட் செய்ய எதுவுமே ஸ்டேஜில் இருக்காது.

இதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. அந்த ஃபோல்டரில் குளச்சல் என்ற ஃபைலை நம் பிராஞ்சில் மட்டும் சேர்த்திருக்கிறோம், மெயினில் அது இல்லை. செக்அவுட் அதைத் தொடாது. ரெஸ்டோரோ, மெயினில் இருப்பது போலவே ஃபோல்டரை ஆக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டு குளச்சலை நீக்கிவிடும். கமிட் செய்திருந்தால் திரும்ப எடுத்துவிடலாம். அதன்பின் செய்து ஸ்டேஜ் செய்யாமல் விட்ட திருத்தம் போனது போனதுதான். செக்அவுட் மாதிரியே நடக்க வேண்டுமென்றால் ஸ்டேஜ்டு, வொர்க்ட்ரீ, ஓவர்லே என்ற மூன்று ஆப்ஷனையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இதைச் சொல்லாமல் பெயரை மட்டும் மாற்றிய குறிப்பைவிடப் பழைய குறிப்பே எனக்கு மேல்.

நான் கேட்பது மூன்றாவது வழி: கட்டளையை வைத்து எழுதாமல் வேலையை வைத்து எழுதுவது. 'வேறு பிராஞ்சுக்குப் போக', 'ஒரு ஃபைலின் திருத்தத்தைக் கைவிட', 'ஸ்டேஜ் செய்ததை வெளியே எடுக்க' என்று தலைப்பு வரட்டும். அதன்கீழே முதலில் புதிய கட்டளை, அப்புறம் 2.23-க்கு முந்தைய கணினிக்குப் பழையது. மேலே சொன்ன இரண்டு வித்தியாசமும் ரெஸ்டோர் வரும் இடத்திலேயே கட்டம் கட்டி நிற்க வேண்டும், பின்னிணைப்பில் அல்ல. பக்கம் கூடும், எழுதுபவருக்கு வேலையும் கூடும், உண்மைதான். இந்த இரண்டு கட்டளைகளும் இன்னும் சோதனை நிலையில்தான் என்ற எச்சரிக்கை கிட் ஆவணத்தில் வெகுகாலம் இருந்தது; அதைக் காட்டித் தள்ளிப்போட்டவர்கள் உண்டு. 2025-இல் வந்த 2.51-லிருந்து அந்த எச்சரிக்கையும் இல்லை.

குறிப்பின் முதல் வரியில் எந்த கிட் பதிப்பில் ஓட்டிப் பார்த்து எழுதியது என்று இருக்கட்டும். இரண்டாவது வரியில், தன் கணினியில் உள்ள பதிப்பைப் படிப்பவர் எப்படிப் பார்ப்பது என்று.