தாழ்த்திய பைக்கை மறுபடி பழைய உயரத்துக்கு ஏற்றிய பிறகு

நான் வாங்கும்போதே அது தாழ்த்தப்பட்ட வண்டி. முன்பு வைத்திருந்தவர் பின் சஸ்பென்ஷனில் ஒரிஜினல் லிங்க்கை (பின் ஸ்பிரிங்கைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் துண்டு) கழற்றிவிட்டு நீளமான லிங்க் போட்டிருந்தார். முன்பக்கம் தாழ, முன் ஃபோர்க் குழாய்களை அவற்றைப் பிடித்திருக்கும் கிளாம்புக்கு மேலே சுமார் 10 மில்லிமீட்டர் ஏற்றியிருந்தார். சைட் ஸ்டாண்டையும் வெட்டி வெல்டிங் வைத்திருந்தார். ஒரிஜினல் லிங்க்கும் ஸ்டாண்டும் வண்டியோடு ஒரு பையில் வந்தன. கழற்றிய பாகங்களைப் பத்திரமாக வைத்திருந்து கொடுத்த மனிதர், அதற்காகவே அவரைப் பாராட்டலாம்.

இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதியும் வண்டியில் சிக்னலில் நிற்பது சுகம்தான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் சிக்கல் ஓடும்போது வந்தது. பின்பக்கம் இறங்கிய அளவுக்கு முன்பக்கம் இறங்கவில்லை. அப்படி ஆனால் ஃபோர்க்கின் சாய்வு கூடும், டிரெயிலும் (ஸ்டியரிங் அச்சின் நேர்கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) கூடும். நேர் சாலையில் வண்டி அசையாமல் போகும். அடுத்தடுத்து வளைவுகள் வந்தால் மட்டும் ஹேண்டில்பாரை வம்படியாகத் தள்ள வேண்டியிருக்கும். பின்னால் ஆள் உட்கார்ந்தால் பெரிய பள்ளத்தில் டயர் உள் மட்கார்டில் உரசும் சத்தம் கேட்கும். வேகத்தடையில் வண்டியின் அடிவயிறு தட்டும். இதையெல்லாம் சமாளிக்க அவர் பின் ஸ்பிரிங்கின் பிரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவு) நன்றாக ஏற்றி வைத்திருந்தார். அதனால் சின்னக் குழிகூட முதுகெலும்பில் தெரிந்தது.

வேலையில் பெரும்பகுதி பின்பக்கம்தான். பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் சாதாரண பேடாக் ஸ்டாண்ட் இதற்கு உதவாது. அது ஸ்விங்ஆர்மை, அதாவது பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையை, தாங்கித் தூக்குவதால் எடை சஸ்பென்ஷன் மேலேயே இருக்கும். சென்டர் ஸ்டாண்ட் இருந்தால் அதில் நிறுத்தலாம். இல்லையென்றால் ஃபுட்பெக் பக்கமோ சேஸிஸிலோ முட்டுக் கொடுத்துப் பின்சக்கரத்தைத் தொங்கவிட வேண்டும். நட்டைக் கழற்றிய பிறகும் லிங்க் போல்ட் நகராது. அதைச் சுத்தியலால் அடிக்காதீர்கள். சக்கரத்துக்கு அடியில் ஒரு மரத்துண்டை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திப் பாருங்கள். ஓர் உயரத்தில் போல்ட்டின் மேல் இருந்த பாரம் விலகும், விரலாலேயே உருவலாம். அந்த இடம் கிடைக்கும்வரை பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

போல்ட்டை உருவியதும் உள்ளே இருக்கும் நீடில் பேரிங்குகளை (ஊசி போன்ற மெல்லிய உருளைகள் கொண்ட பேரிங்) பார்க்காமல் பார்க்காமல் மூடக் கூடாது. என் வண்டியில் கிரீஸ் காய்ந்து பழுப்புப் பசையாகியிருந்தது. சுத்தமாகத் துடைத்து, புது கிரீஸ் அடைத்து, ஒரிஜினல் லிங்க்கைப் போட்டு, மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் (எவ்வளவு விசையில் முறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்) முறுக்கினேன். சஸ்பென்ஷன் மிருதுவானதில் புது கிரீஸுக்கும் பங்கு உண்டு, பாராட்டு முழுவதையும் லிங்க்குக்கே கொடுத்துவிட முடியாது.

முன்பக்கம் எளிது. ஒரு பக்கக் கிளாம்பைத் தளர்த்தி, குழாயை இறக்கி, இறுக்கிவிட்டு, அப்புறம் அடுத்த பக்கம். இரண்டு பக்கமும் குழாய் ஒரே அளவில் நிற்கிறதா என்று வெர்னியரால் அளந்தேன். குழாயின் முனை கிளாம்புக்குச் சமமாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். சில மாடல்களில் கம்பெனியிலிருந்தே சில மில்லிமீட்டர் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். கடைசியாக ஹேண்டில்பாரை இரு ஓரம் வரை திருப்பி, பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உயரம் மாறினால் கூடவே மாறும் விஷயங்கள் சில இருக்கின்றன. ஸ்விங்ஆர்மின் கோணம் மாறுவதால் செயின் தொய்வும் மாறும், புதிதாக அளந்து சரிசெய்ய வேண்டும். வெட்டிய சைட் ஸ்டாண்டை அப்படியே விட்டால் வண்டி பயமுறுத்தும் அளவுக்குச் சாயும், எனவே ஒரிஜினல் ஸ்டாண்ட் கட்டாயம். ஹெட்லைட்டை நான் எதிர்பார்க்கவில்லை. பின்பக்கம் தாழ்ந்திருந்தபோது வெளிச்சம் மேலே போனதால் பழைய உரிமையாளர் அதைக் கீழே திருப்பி வைத்திருந்தார் போலும். உயரம் திரும்பியதும் வெளிச்சம் சக்கரத்துக்கு முன்னாலேயே விழுந்தது. சுவர் முன் வண்டியை நிறுத்தித் திருத்தினேன்.

பிரீலோடைப் பழையபடியே விட்டிருந்தால் வண்டி துள்ளியிருக்கும். நான் உட்கார்ந்ததும் பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்று நண்பர் ஒருவரை அளக்கச் சொன்னேன். பின் சஸ்பென்ஷன் அமுங்கக்கூடிய மொத்தத் தூரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இறங்கினால் சாலை ஓட்டத்துக்குச் சரி. அந்த அளவு வரும்வரை பிரீலோடைக் குறைத்தேன்.

மழை, வெயில், நெடுந்தூரம், நெரிசல் எல்லாவற்றிலும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். வளைவில் வண்டி இப்போது நான் பார்க்கும் திசையில் போகிறது, தள்ள வேண்டியதில்லை. அடிவயிறு தட்டும் சத்தம் இல்லை. பின்னால் ஆள் இருந்தாலும் மட்கார்ட் உரசவில்லை. லிங்க் பகுதியில் ஆட்டமோ கிறீச்சோ வரவில்லை. ஆரம்பத்தில் கொஞ்சம் ஓட்டிய பிறகு எல்லா போல்ட்டையும் ஒருமுறை மறுபடி முறுக்கிப் பார்த்தேன், எதுவும் தளரவில்லை.

இழந்தது, நிற்கும்போது கிடைத்த நிம்மதி. எனக்கு இப்போது இரண்டு காலிலும் விரல்நுனி மட்டும்தான் எட்டுகிறது. இடுப்பைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தி இடது பாதத்தை முழுதாக ஊன்றி, வலது காலைப் பின் பிரேக்கில் வைத்து நிற்கப் பழகிக்கொண்டேன். தட்டையான சாலையில் இது போதும். ஜல்லி பரவிய சரிவில் நிற்க நேர்ந்தால் இன்னும் உள்ளங்கை வியர்க்கிறது. உட்கார்ந்தபடியே வண்டியைப் பின்னால் தள்ளுவது நடக்காது, இறங்கித்தான் தள்ள வேண்டும்.

கால் எட்டவில்லை என்பவர்களுக்கு என் யோசனை: லிங்க்கில் கை வைக்கும் முன் சீட்டைப் பாருங்கள். சீட்டின் முன்பகுதி அகலமாக இருந்தால் தொடை விரிந்து, இருக்கிற கால் நீளமும் வீணாகிறது. ஃபோமை அங்கே ஒல்லியாகச் சீவினால் சஸ்பென்ஷனைத் தொடாமலேயே கால் இன்னும் கீழே போகும். அதுவும் போதாமல் தாழ்த்தித்தான் ஆக வேண்டும் என்றால், அந்த மாடலுக்கென்றே வரும் லிங்க்கைப் போட்டு, முன்பக்கத்தையும் அதற்கு ஈடாக இறக்குங்கள். நெரிசலில் அடிக்கடி நின்று நின்று போகிறவர், பின்னால் குழந்தையை ஏற்றுகிறவர், இரு பக்கமும் ஒழுங்காகத் தாழ்த்திய வண்டியை ஏற்றிக் கஷ்டப்பட வேண்டாம். என்னுடைய சீட் இப்போது தையல்காரரிடம் இருக்கிறது, முன்பகுதியை மட்டும் சீவச் சொல்லியிருக்கிறேன்.