கித்தாக் காட்டில் 170 மில்லிமீட்டர்: ஒரு மலைச் சைக்கிளுடன் பதினான்கு மாதங்கள்

முன்னும் பின்னும் 170 மில்லிமீட்டர் ‘ட்ராவல்’ கொண்ட மலைச் சைக்கிளைக் கோலாலம்பூரில் வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய் என்று, அதை வாங்கிய நாளிலேயே கூட்டாளிகள் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். சக்கரம் ஒரு கல்லையோ வேரையோ மோதும்போது சட்டகத்தை நோக்கி எவ்வளவு தூரம் மேலெழுந்து வர முடியுமோ அதுவே ட்ராவல். 170 மில்லிமீட்டர் என்பது ஆல்ப்ஸ் மலைகளில் கேபிள் காரில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போய், நெடுநேரம் இடைவிடாமல் இறங்குகிறவர்களுக்குப் பொருந்தும் அளவு. நம் ஊரில் கேபிள் கார் ஏறுகிறவர்கள் கெந்திங் மலைக்குப் போகிறவர்கள். அவர்கள் கையில் சைக்கிள் இருப்பதில்லை. நான் வழக்கமாக ஓட்டும் புக்கிட் கியாராக் குன்றில் ஓர் இறக்கம் மூன்று நான்கு நிமிடங்களில் முடிந்துவிடும். அந்த மூன்று நிமிடத்துக்காகப் பதினைந்து இருபது நிமிடம் சொந்தக் காலால் ஏற வேண்டும்.

வண்டியைப் பழையதாக, ஒருவரிடம் நேரடியாக 9,800 வெள்ளிக்கு வாங்கினேன். அலுமினியச் சட்டகம், 29 அங்குலச் சக்கரங்கள், முன்சக்கரத்தைத் தாங்கி அமுங்கும், 38 மில்லிமீட்டர் குழாய்கள் கொண்ட முன்ஃபோர்க். பெடலோடு சேர்த்து நிறுத்தால் 16.4 கிலோ. ஹேண்டில்பாரும் ஃபோர்க்கும் பொருந்தும் தலைக்குழாயின் சாய்வு 64 பாகை, இருக்கைக் குழாயின் சாய்வு 77 பாகை. இந்த மாதிரி இப்போது தயாரிப்பில் இல்லை. இதே அளவுகளில் பல நிறுவனங்கள் வண்டி செய்கின்றன. ஆகவே வாங்க நினைப்பவருக்குப் பெயரைவிட இந்த எண்களே உதவும் என்பதால் அவற்றை வைத்தே எழுதுகிறேன்.

ஏற்றத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் கியாராவில் பொழுதின் பெரும்பகுதி அதில்தான் கழிகிறது. தார்ச்சாலையில் ஏறும்போது, பின்சக்கரத்தின் அதிர்ச்சியை வாங்கும் காற்றடைத்த பின் ஷாக்கில் உள்ள சிறு நெம்பைத் திருப்பி அதை ஏறக்குறைய இறுக்கிவிடலாம். அப்படிச் செய்தால் மிதிக்கும்போது வண்டி ஊஞ்சல்போல் ஆடுவது நின்றுவிடும். முன்னால் 32 பல், பின்னால் மிகப் பெரிய பற்சக்கரம் 52 பல். இந்தக் கணக்கில், பெடலைத் தாங்கும் தண்டான கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறத்தாழ 1.4 மீட்டர்தான் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 5 கிலோமீட்டர். வேகமாக நடப்பவர் என்னைத் தாண்டிப் போய்விடுவார், போயும் இருக்கிறார்கள். காலை நடைக்கு வரும் அத்தைமார்களிடம் தோற்பதில் எனக்கு இப்போது வெட்கம் இல்லை. கோம்பாக்கிலிருந்து கெந்திங் செம்பா கணவாய்க்கு ஏறும் பழைய சாலையில் ஒருமுறை இதை ஓட்டிப் பார்த்தேன். அதை இன்னொரு முறை செய்ய மாட்டேன்.

ஆனால் ஏற்றத்தில் இந்த வண்டி மோசம் என்று பொதுவாகச் சொல்லப்படுவதை நான் ஏற்கவில்லை. என் முந்தைய சைக்கிளின் இருக்கைக் குழாய் 73 பாகை சாய்ந்திருந்தது. செங்குத்தான இடங்களில் உடல் பின்னால் தொங்க, முன்சக்கரத்தைத் தரையில் வைத்திருப்பதற்காக மூக்கு ஹேண்டில்பாரில் இடிக்கும் அளவுக்குக் குனிய வேண்டியிருந்தது. 77 பாகையில் இடுப்பு கிராங்குக்கு ஏறக்குறைய மேலே வந்துவிடுவதால், 3 கிலோ கூடுதல் எடை இருந்தும் முதுகு வலியின்றி உச்சிக்குப் போய்ச் சேர்கிறேன். நேரம் கூடுதலாக ஆகிறது. களைப்பு குறைவாக இருக்கிறது. எடையில் உண்மையிலேயே உறுத்துவது டயர்தான். ஒவ்வொன்றும் 1.2 கிலோ இருந்த இறக்க டயர்களில் பின்னாலிருந்ததை மட்டும் கழற்றி, இலகுவான, பல் குறைந்த டயர் ஒன்றைப் போட்டபோது, சட்டகத்தையே மாற்றியதுபோல் கால்களுக்குத் தெரிந்தது.

மண்பாதையில் ஏறுவது வேறு சங்கதி. கியாராக் குன்று ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். 1980களின் தொடக்கத்தில் அரசாங்கம் நிலத்தை எடுத்துக்கொண்ட பிறகு தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பின் ஓரமாக இருந்த நீள்வீடுகளுக்கு மாற்றப்பட்டன; பால் வெட்ட ஆளில்லாத கித்தா (ரப்பர்) மரங்கள் குன்றின்மேல் நின்றுவிட்டன. சரிவான நிலத்தில் கித்தா நடுவதற்கு மண்ணைப் படிப்படியாக வெட்டி அடுக்கு அமைப்பது தோட்ட வழக்கம். இன்றைய ஒற்றையடிப் பாதைகள் அந்த அடுக்குகளைக் குறுக்கே ஏறிக் கடக்கும் இடங்களில்தான் நீண்ட ட்ராவலின் குணமும் குற்றமும் ஒன்றாகத் தெரிகின்றன.

ஓர் அடுக்கின் விளிம்பில் முன்சக்கரம் ஏறியதும் உடல் எடை பின்னால் போகிறது. பின் ஷாக் இன்னும் கொஞ்சம் அமுங்குகிறது. ஏற்கெனவே சாய்ந்திருக்கும் தலைக்குழாய் மேலும் சாய்கிறது. முன்சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் இடமும் வலமுமாக அலைகிறது. முதல் இரண்டு மாதம் இந்த இடங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனேன். ஆள் உட்கார்ந்ததும் ஷாக் எவ்வளவு அமுங்க வேண்டும் என்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு 30 விழுக்காடு. சக்கரம் 170 மில்லிமீட்டர் நகரும்போது தான் 65 மில்லிமீட்டர் மட்டும் அமுங்கும் என் ஷாக்கில் அது 19.5 மில்லிமீட்டர். காற்றைச் சற்றுக் கூட்டி அதை 17.5-க்குக் கொண்டுவந்தேன், அதாவது 27 விழுக்காடு. இரண்டே மில்லிமீட்டர் வித்தியாசத்தில் முன்சக்கரம் ஓரளவு அடங்கியது.

மீதியை என் அப்பா சரிசெய்தார் என்று சொன்னால் மிகையாகாது. கிள்ளான் பக்கத் தோட்டத்தில் வளர்ந்தவர். சைக்கிளில் அவருக்கு அக்கறை இல்லை. ஒரு சனிக்கிழமை கியாராவில் நடக்க வந்தவர், நான் ஓர் அடுக்கை நேராக முட்டி ஏறித் தோற்பதை நின்று பார்த்தார். “காண்டாக் கம்புல ரெண்டு வாளிப் பால் இருந்தா யாரும் நெட்டுக்கு ஏற மாட்டோம்பா. நிரையோட சுத்திப் போயி, மேடு கொறையிற எடத்துல ஏறுவோம்,” என்றார். மரங்களின் வரிசையைத்தான் நிரை என்கிறார்; காண்டாக் கம்பு என்பது வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமக்கும் தடி. அகலமாக வளைந்து, சாய்வு குறைந்த மூலையில், வேகத்தைக் கூட்டாமல் ஒரே சீராக ஏறிப் பார்த்தேன். நீளமான, சாய்ந்த வண்டிக்கு ஏற்ற வழி அதுதான்.

வேர்கள் நிறைந்த ஏற்றங்களில் நெம்பைத் திறந்தே வைக்க வேண்டும். இதை நான் மிகவும் தாமதமாகக் கற்றேன். மழை பெய்த மறுநாள் கித்தா வேர் வழுக்குப் பாறைபோல் இருக்கும். சஸ்பென்ஷன் இல்லாத பின்சக்கரம் அதில் பட்டதும் எகிறி, ஒரு அரைச் சுற்று வெறுமனே சுழன்று, கால் தரைக்கு வந்துவிடும். ஷாக் திறந்திருந்தால் சக்கரம் வேரை வருடியபடி ஏறி மறுபக்கம் இறங்குகிறது. சங்கிலியின் இழுவை அறுபடுவதில்லை. பத்துப் பதினைந்து வேர்கள் ஏணிப்படிபோல் வரும் ஓர் ஏற்றத்தை, என்னைவிட வலுவான கால்கள் உள்ள, இலகுவான சைக்கிள் வைத்திருக்கும் நண்பரால் ஈரத்தில் முடிக்க முடியவில்லை. நான் ஆமை வேகத்தில் முடித்தேன்.

அதற்கு ஒரு விலை உண்டு. ஆள் உட்கார்ந்து வண்டி அமுங்கியபின், பெடல் கீழே வரும் நிலையில் அதற்கும் தரைக்கும் இடையே அரைச் சாணுக்குச் சற்றே கூடுதலான இடைவெளிதான் இருக்கிறது. வேரில் ஏறும்போது அதுவும் சுருங்குகிறது. நான்காவது மாதத்தில் இடது பெடல் ஒரு மரக்குற்றியில் இடித்து, வண்டி நின்ற இடத்திலேயே நிற்க, நான் மட்டும் பயணத்தைத் தொடர்ந்தேன். முழங்கையில் நான்கு தையல். 170 மில்லிமீட்டர் கிராங்கைக் கழற்றிவிட்டு 165 மாட்டியபின் இடிப்பது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

இறக்கத்துக்கு வருகிறேன். ஃபோர்க்கின் குழாயில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. ஓட்டத் தொடங்குமுன் அதைக் கீழே தள்ளிவைத்தால், அன்று ஃபோர்க் அதிகபட்சமாக எவ்வளவு அமுங்கியதோ அந்த இடத்தில் நின்று காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு முறையும் அளந்து கைப்பேசியில் குறித்து வந்தேன். கியாராவில் பெரும்பாலான நாட்களில் அது 120-க்கும் 135-க்கும் இடையில் நின்றது. 170-ஐத் தொட்டது மொத்தம் நான்கு முறை. மீதி 40 மில்லிமீட்டரை வாரந்தோறும் குன்றின் உச்சிக்குச் சுமந்து சென்று, பத்திரமாகக் கீழே கொண்டுவந்து சேர்க்கிறேன் என்றுதான் இதற்குப் பொருள்.

அந்த நான்கில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். முந்தைய இரவின் புயலில் பாதையின் குறுக்கே விழுந்திருந்த தடிமனான கிளை, ஒரு வளைவுக்குப் பின்னால், பிரேக் பிடிக்கவும் குதிக்கவும் நேரமில்லாத தூரத்தில் கண்ணில் பட்டது. கைகளை இறுக்கிக் கண்ணை மூடிக்கொண்டேன் என்பதே உண்மை. முன்னால் ஒரு பெரிய மூச்சு விட்டதுபோல் சத்தம், பின்னால் இன்னொன்று; கண்ணைத் திறந்தபோது பாதையிலேயே இருந்தேன். வளையம் குழாயின் உச்சியில் நின்றது. ஆகவே அந்த 40 மில்லிமீட்டர் வீண் என்றும் எழுத முடியவில்லை.

செங்குத்தான, ஈரச் செம்மண் இறக்கங்களில் 64 பாகை சாய்வு தரும் தைரியம் பெரிது. முன்சக்கரம் உடலுக்கு வெகு முன்னால் இருப்பதால் தலைகுப்புற விழுவோம் என்ற அச்சம் எழுவதே இல்லை. ஆனால் அடுக்குகளுக்கு நடுவே வரும் குறுகிய வளைவுகளில், 1,255 மில்லிமீட்டர் சக்கர இடைவெளியோடு திரும்புவது தைப்பூச ரதத்தைத் தெருமுனையில் திருப்புவது போன்றது. எளிதான பாதைகளிலோ வண்டி மெத்தையாகிவிடுகிறது: வேர் தெரிவதில்லை, பள்ளம் தெரிவதில்லை, சுகமாக இருக்கிறது, சற்றுச் சலிப்பாகவும் இருக்கிறது. சிறிய வண்டியில் உயிரைக் கையில் பிடித்து இறங்கிய அதே பாதையில் இப்போது மதியச் சமையலைப் பற்றி யோசித்துக்கொண்டு இறங்குகிறேன்.

பராமரிப்புச் செலவைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நம் பருவநிலை இத்தகைய வண்டிக்கு எதிரி. ஏப்ரலிலும், அக்டோபர் நவம்பரிலும் மாலைதோறும் கொட்டும் மழைக்குப் பின் பாதை நாட்கணக்கில் காய்வதில்லை. செம்மண் குழம்பு சட்டகத்தின் ஒவ்வொரு மூட்டிலும் புகுகிறது. பின்பகுதியின் மூட்டுகளில் இருக்கும் பேரிங்குகள் எட்டாவது மாதத்தில் துருவேறிக் கரகரத்தன. பெட்ரோல் நிலையத்து அழுத்தத் தண்ணீரால் கழுவியது என் தவறு. அது கிரீஸை விரட்டிவிட்டு அந்த இடத்தில் தண்ணீரை நிரப்பிவிடுகிறது. இப்போது வாளியும் பழைய துணியும்தான். ஈரமண்ணில் மென்மையான பிரேக் பேடுகள் மூன்று ஓட்டத்தில் தேய்ந்துபோனதால் உலோகப் பேடுக்கு மாறினேன். சத்தம் அதிகம், ஆயுளும் அதிகம். டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றும் சீலன்ட் இந்த வெக்கையில் இரண்டு மாதத்தில் காய்ந்து தயிர்போல் ஆகிவிடுகிறது.

ஃபோர்க்கின் கீழ்க்கால்களை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். முதல்முறை ஒரு கடையில் கொடுத்தேன். பணம் வாங்கிக்கொண்டு, வெளியே பளபளவென்று துடைத்துத் திருப்பித் தந்தார்கள். இரண்டு வாரத்தில் ஃபோர்க் திக்கித் திக்கி அமுங்கத் தொடங்கியது. காணொளி பார்த்து நானே கழற்றினேன்: எண்ணெயில் ஊறியிருக்க வேண்டிய நுரை வளையங்கள் காய்ந்த ரொட்டிபோல் இருந்தன. அன்றிலிருந்து அந்த வேலையை வீட்டிலேயே, பழைய நாளிதழ் விரித்து, ஒரு ஞாயிறு காலையில் முடித்துவிடுகிறேன்.

முன்சக்கரத்தைக் கழற்றி, பின் இருக்கையை மடக்கினால் என் மைவி காரில் இது ஏறிவிடும். சக்கரத்தைப் பக்கத்து இருக்கையில் வைத்து பெல்ட் போட்டுவிடுகிறேன்.

கியாராவில் மட்டும் ஓட்டப்போகிறவருக்கு 130 அல்லது 140 மில்லிமீட்டர் போதும். என் ரப்பர் வளையம் பதினான்கு மாதமாகச் சொல்வதும் அதுதான். ஆண்டுக்கு நான்கைந்து முறையாவது பெரிய மலைகளுக்குப் போகிறவர், ஈரத்தில் ஓட்டத் தயங்காதவர், ஏற்றத்தில் கடைசியாக வருவதைப் பொருட்படுத்தாதவர் இதை வாங்கலாம். நான் விற்கப்போவதில்லை, அந்தக் கிளை இன்னும் நினைவில் இருக்கிறது. பழையதாக வாங்குபவர் மட்டும் பணம் கொடுக்குமுன் இரண்டு காரியம் செய்ய வேண்டும். ஃபோர்க்கின் குழாய்களில் நகத்தால் மெல்ல வருடிப் பார்க்க வேண்டும். நகம் தட்டும் அளவுக்குக் கீறல் இருந்தால் எண்ணெய் கசியும். பிறகு இருக்கையைப் பிடித்துப் பின்சக்கரத்தை மெதுவாகத் தரையிலிருந்து தூக்க வேண்டும். சக்கரம் மேலெழுமுன் ‘டக்’ என்று ஓர் அசைவு கையில் தெரிந்தால் பேரிங்கோ ஷாக்கின் புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது, விலையில் 600 வெள்ளியாவது குறைத்துக் கேட்கலாம். நான் அதைக் கேட்கவில்லை.