பன்னிரண்டு குப்பி ஜெல் கலர் டப்பா: கிறிஸ்துமஸ் குக்கிக்குத் தேவையா?

சர்க்கரை குக்கியில் நட்சத்திரம், மரம், சாண்டா என்று ஐசிங்கால் வரைய ஆசைப்படுபவர்கள் கேக் பொருள் கடையில் முதலில் எடுப்பது பன்னிரண்டு குப்பி ஜெல் கலர் டப்பாவைத்தான். கூழ் பதத்தில் வரும் அடர்த்தியான ஜெல் கலர் சரியான தேர்வு. பன்னிரண்டு குப்பி வீண் செலவு.

குக்கியின் மேல் கெட்டியாகக் காயும் சர்க்கரைப் பூச்சான ராயல் ஐசிங்கில் எல்லாமே தண்ணீர்க் கணக்கு. 450 கிராம் ஐசிங் சுகருக்கு 3 மேசைக்கரண்டி மெரிங் பவுடர் (உலர்த்திய முட்டை வெள்ளைக்கருப் பொடி), 5 மேசைக்கரண்டி வெதுவெதுப்பான நீர். அதில் 200 கிராமைப் பிரித்து ஒரு தேக்கரண்டி திரவ கலர் விட்டால் 5 மில்லி தண்ணீர் கூடிவிடும். கோடு போடும் பதத்தில் இருந்தது குழம்பாக ஓடும். இத்தனைக்கும் பிறகு கிடைப்பது ரோஸ்தான், சிவப்பு அல்ல. அதே ரோஸ், ஜெல்லை டூத்பிக் நுனியில் தொட்டு வைத்தாலே வந்துவிடும். பொடி கலரை நேராகப் போட்டால் கரையாத துகள்கள் காய்ந்தபின் புள்ளி புள்ளியாகத் தெரியும். சில சொட்டு வெந்நீரில் குழைத்துத்தான் சேர்க்க வேண்டும். சாக்லேட்டுக்கென்று விற்கும் எண்ணெய் கலரை ராயல் ஐசிங் பக்கமே கொண்டுபோக வேண்டாம். கிண்ணத்தில் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலே அடித்த நுரை அமுங்கிவிடும்.

ஜெல் கலரின் தரம் தெரிவது சிவப்பில்தான். பச்சையும் மஞ்சளும் எந்தக் குப்பியிலும் ஓரளவு ஒப்பேறும். சிவப்பு மட்டும் கலந்த உடனே அடர் ரோஸாக நின்று பொறுமையைச் சோதிக்கும். அவசரப்பட்டு மேலும் மேலும் பிழிந்தால் ஐசிங் கசக்கும், தின்றவர் நாக்கும் பல்லும் சிவக்கும். நிறம் தானாகவே ஏறும். எதிர்பார்த்ததைவிட ஒரு படி வெளிறிய நிலையில் நிறுத்தி, ஐசிங்கின் மேல் ஒட்டினாற்போல் பிளாஸ்டிக் தாளைப் போட்டு ஓர் இரவு வைத்தால் மறுநாள் சிவப்பு கிடைக்கும். கறுப்பும் அப்படியே. வெள்ளை ஐசிங்கிலிருந்து தொடங்காமல் கொக்கோ பவுடர் கலந்த பழுப்பிலிருந்து தொடங்கினால் கலர் செலவு பாதிதான். குக்கி முழுவதையும் சிவப்பால் நிரப்புவதைவிட, வெள்ளையால் நிரப்பி அதன் மேல் சிவப்புக் கோடு போடுவது கண்ணுக்கும் நாக்குக்கும் நல்லது.

லேபிளைப் படிக்காமல் வாங்கக் கூடாது. இந்தியாவில் உணவுக்கு அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்கள் எட்டுதான். அவற்றில் சிவப்பு மூன்று: போன்சோ 4ஆர், கார்மோசின், எரித்ரோசின். பொதுவான உச்ச வரம்பு ஒரு கிலோ உணவுக்கு 100 மில்லிகிராம் நிறமி. குப்பியைக் கவிழ்த்து அடர் சிவப்பு செய்பவர்கள் இதைத் தாண்டுவது சுலபம். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் உரிம எண்ணும் நிறமியின் பெயரும் இல்லாத குப்பியைத் தொடவே வேண்டாம். துணிக்குப் போடும் சாயமான ரோடமைன்-பி கலந்த பஞ்சுமிட்டாயைத் தமிழ்நாடு அரசு 2024 பிப்ரவரியில் தடை செய்தது நினைவிருக்கும்.

அடுத்த தலைவலி, சிவப்பு பக்கத்து வெள்ளைக்குள் கசிவது. கலர் மட்டும் குற்றவாளி அல்ல, ஈரமும்தான். வெள்ளைத் தளம் 6 முதல் 8 மணி நேரம் காய வேண்டும். மார்கழி மழைக்காற்றில் கடலோர ஊர்களில் அதுவும் போதாது. மின்விசிறிக்கு நேர் கீழே ட்ரேயை வைக்க வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்தால் வெளியே எடுத்ததும் வியர்த்து எல்லா நிறமும் ஒன்றாகிவிடும். நிரப்பும் ஐசிங்கின் பதத்துக்கு ஒரு சோதனை உண்டு: கத்தியால் கீறினால் கோடு 10 முதல் 15 வினாடிக்குள் மறைய வேண்டும். அதைவிட நீர்த்தால் காயும்போது நடுவில் குழி விழும்.

குக்கி சரியாக இல்லாவிட்டால் எந்தக் கலரும் காப்பாற்றாது. 400 கிராம் மைதா, 225 கிராம் உப்பில்லாத வெண்ணெய், 200 கிராம் சர்க்கரை, ஒரு முட்டை. பேக்கிங் பவுடர் வேண்டாம், நட்சத்திரத்தின் முனை மழுங்கிவிடும். 6 மில்லிமீட்டர் கனத்தில் வெட்டி, அரை மணி ஃபிரீசரில் வைத்து, 175 டிகிரியில் 10 முதல் 12 நிமிடம். முழுதாக ஆறியபின்தான் ஐசிங்.

ஐசிங்குக்குப் பதில் பட்டர்கிரீம் பூசுபவர்களுக்கு இந்த ஜெல் அவ்வளவு ஒத்துழைக்காது. நீரில் குழைத்த கலர் கொழுப்பில் சரியாகப் பரவாமல் திட்டுத்திட்டாக நிற்கும். இரண்டு கரண்டி கிரீமை மட்டும் மைக்ரோவேவில் சில வினாடி உருக்கி, கலரை அதில் கரைத்து, மீதியோடு சேர்த்து அடித்தால் சமாளிக்கலாம். சென்னை வெயிலில் அந்தக் குக்கி மேசையில் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது வேறு கதை.

வாங்க வேண்டியவை நான்கே குப்பி: சிவப்பு, இலைப்பச்சை, மஞ்சள், பழுப்பு. பச்சையில் பழுப்பை ஊசி முனையளவு சேர்த்தால் பிளாஸ்டிக் பளபளப்பு அடங்கி மரத்தின் பச்சை வரும். டப்பாவில் வரும் ஊதாவைத் தொடவே வேண்டாம். சன்னல் வெளிச்சத்தில் இரண்டு நாள் இருந்தால் அதிலுள்ள சிவப்பு வெளிறி, நீலச் சாம்பலாக இளிக்கும்.