ஸ்பித்திக்குள் நுழைய எந்த வாசல்: கின்னௌரா, மணாலியா?

ஹிமாச்சலின் ஸ்பித்திப் பள்ளத்தாக்குக்குக் காரில் போக வழி இரண்டுதான். சிம்லாவில் கிளம்பி, சட்லெஜ் ஆற்றைப் பிடித்துக்கொண்டே கின்னௌர் மாவட்டத்தைக் கடந்து, கீழிருந்து மெல்ல மெல்ல, ஸ்பித்தியின் முக்கிய ஊரான காசாவுக்கு ஏறுவது ஒன்று. மணாலியில் கிளம்பி, அடல் சுரங்கம், கோக்சர், கிராம்பூ, பட்டல் தாண்டி, 4,551 மீட்டர் உயரக் குன்சும் கணவாயில் ஏறி, மேலிருந்து காசாவுக்குள் இறங்குவது இன்னொன்று. எங்கள் தேர்வு கின்னௌர் வழியே நுழைந்து மணாலி வழியே வெளியேறுவது. இந்த அலசலும் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

வெளிப்படையான விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். மணாலியிலிருந்து காசா ஏறக்குறைய 200 கி.மீ.; விடியுமுன் கிளம்பினால் சாயங்காலம் சேர்ந்துவிடலாம். சிம்லாவிலிருந்து 400 கி.மீ.-க்கு மேல், நடுவில் மூன்று நான்கு இரவாவது தங்க வேண்டும். குன்சும் திறந்திருப்பது தோராயமாக ஜூன் முதல் அக்டோபர் வரை. கின்னௌர் பாதை, பனியும் நிலச்சரிவும் அடைக்கும் நாட்கள் போக, வருடம் முழுக்க ஓடுகிறது. இந்தியக் குடிமக்களுக்கு எந்த வழியிலும் இன்னர் லைன் பெர்மிட் (எல்லையோரப் பகுதிக்கான அனுமதிச்சீட்டு) தேவையில்லை. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உறவினர் யாராவது கூட வந்தால், கின்னௌர் வழியில் எல்லையை ஒட்டிய பகுதிக்கு பெர்மிட் எடுத்தாக வேண்டும். கின்னௌரின் தலைநகரான ரெக்காங் பியோவில் எடுக்கலாம். அலுவலக நாளாகப் பார்த்துப் போங்கள்.

பெட்ரோல் விஷயத்தில் இரண்டும் சமம்தான். கின்னௌர் பக்கம் ராம்பூர், ரெக்காங் பியோவுக்குக் கீழே போவாரி. அதற்குப் பிறகு காசா. மணாலி பக்கம் மணாலியை விட்டால் காசாதான். கேலாங் பக்கத்துத் தாண்டியில் பங்க் உண்டு; ஆனால் கிராம்பூவுக்குத் திரும்புகிறவர்களுக்கு அது எதிர்த்திசை. எந்த வழியானாலும் இடையில் ஏறக்குறைய 200 கி.மீ. பங்க் கிடையாது, ஏற்றத்தில் மைலேஜும் விழும். டேங்க்கை நிரப்பாமல் கிளம்ப வேண்டாம்.

கிராமங்களுக்காகப் போகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கின்னௌர் வழியில் சாங்க்லா, சித்குல், கல்பா, நாக்கோ, டாபோ, தன்கர் என்று தினமும் ஒரு ஊரில் மனிதர்களோடு தங்கலாம். மணாலி வழியில் கிராம்பூ தாண்டினால் லோசர் வரும்வரை ஏறக்குறைய 80 கி.மீ. நிரந்தரக் குடியிருப்பே இல்லை. சத்ருவிலும் பட்டலிலும் இருப்பவை கோடைக்கு மட்டும் திறக்கும் தாபாக்கள். போன் சிக்னலை நம்பித் திட்டம் போடக்கூடாத பகுதி அது.

இவையெல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். தீர்மானிப்பது வேறொன்று: இன்றிரவு தலை சாய்க்கும் இடம், நேற்றிரவு தூங்கிய இடத்தைவிட எத்தனை மீட்டர் உயரம்?

3,000 மீட்டருக்கு மேல் போனபின், தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்க வேண்டும். மலை மருத்துவம் சொல்லும் பொது விதி இது. பகலில் எவ்வளவு உயரம் தொட்டு இறங்கினாலும் அவ்வளவாகப் பாதிப்பில்லை. கணக்கில் வருவது தூங்கும் உயரம். காரணம் உடம்பின் வேதியியலில் இருக்கிறது. 4,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியை நெருங்கிவிடுகிறது: ஏறக்குறைய 58 சதவீதம். ஆக்சிஜன் பற்றாமல் மூச்சு வேகமாகும். அதனால் கரியமில வாயு கூடுதலாக வெளியேறி ரத்தத்தின் காரத்தன்மை ஏறும். காரத்தன்மை ஏறினால் மூளை மூச்சை அடக்கும், முக்கியமாகத் தூக்கத்தில். சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியேற்றி இதைச் சரிசெய்யச் சில நாட்கள் ஆகும். ஜிம் உடம்பு, இள வயது எதுவும் அந்த நாட்களைக் குறைக்காது.

இப்போது கின்னௌர் வழியின் இரவுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். நார்கண்டா 2,700 மீட்டர். சாங்க்லா ஏறக்குறைய அதே உயரம். கல்பா 2,960. டாபோ 3,280. காசா 3,650. எந்த இரவும் முந்தைய இரவைவிட 400 மீட்டர்கூட உயரவில்லை. யாரும் திட்டம் போட்டுக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை, ஆறு ஏறும் வேகத்திலேயே உடம்பும் ஏறிவிடுகிறது.

இதிலும் ஒரு பிசகு உண்டு, பலரும் செய்வது. கல்பாவிலிருந்து கிளம்பி நாக்கோவில் தங்குவார்கள். நாக்கோ 3,660 மீட்டர், அதாவது காசாவின் உயரம்; ஒரே நாளில் 700 மீட்டர் தாவல். நாக்கோவில் மதியம் சாப்பிட்டு, ஏரியைச் சுற்றி வந்து, சும்டோ தாண்டி டாபோவில் போய்த் தூங்குங்கள். பகலில் உயரம், இரவில் தாழ்வு. டாபோ சமதளமான ஊர். 996-இல் எழுந்த மடாலயத்தின் மண்சுவர்களைச் சுற்றி மாலையில் மெதுவாக நடக்கலாம், மூச்சு வாங்காது. சித்குலும் அப்படித்தான். 3,450 மீட்டரில் இருக்கும் அந்த ஊரைப் பகலில் பார்த்துவிட்டு, இரவுக்குச் சாங்க்லாவுக்கு இறங்கிவிடுவது நல்லது.

மணாலி வழியின் இரவுகள்? மணாலி 2,050 மீட்டர். அடுத்த இரவு காசா என்றால் 1,600 மீட்டர் தாவல். நிறையப் பேர் போடும் திட்டம் முதல் இரவே சந்திரதால் ஏரிக்கு அருகே கூடாரம். அது 4,250 மீட்டர், ஒரே நாளில் 2,200 மீட்டர். 2020 அக்டோபரில் 9.02 கி.மீ. அடல் சுரங்கம் திறந்தபின் இது இன்னும் சுலபமாகிவிட்டது, அதனாலேயே ஆபத்தும் கூடிவிட்டது. முன்பு ரோதாங் கணவாயில் ஏறி இறங்கவே அரை நாள் போகும். இப்போது சுரங்கத்துக்குள் நுழைந்து மறுபுறம் வெளியே வரும்போதே 3,000 மீட்டரைத் தாண்டிவிடுகிறோம்.

இதில் உள்ள சூழ்ச்சி என்னவென்றால், உயர நோய் ஏறியவுடன் வராது. பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும். பட்டலில் தேநீர் குடிக்கும்போது எல்லோரும் தெம்பாகத்தான் இருப்பார்கள். இரவு பதினொன்றுக்குக் கூடாரத்தில் ஒருவருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆரம்பிக்கும். தலைவலி மட்டும் என்றால் ஓய்வும் தண்ணீரும் போதலாம். ஆனால் அவரை எழுப்பி, குதிகாலை மற்ற காலின் விரல்நுனியோடு ஒட்டி ஒட்டி வைத்துப் பத்தடி நேராக நடக்கச் சொல்லிப் பாருங்கள். தள்ளாடினால் மூளையில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்து, இருமல் கூடினால் நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம். இரண்டுக்கும் முதல் மருந்து உடனே கீழே இறங்குவதுதான், விடியும்வரை காத்திருக்கக்கூடாது. பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் 85 என்று பார்த்துப் பதற வேண்டாம், அந்த உயரத்தில் அது சாதாரணம்; 90 இருக்கிறதே என்று தள்ளாடுகிறவரைப் படுக்க வைக்கவும் வேண்டாம்.

சந்திரதாலிலிருந்து எங்கே இறங்குவது? ஒரு பக்கம் குன்சும், அது இன்னும் 300 மீட்டர் மேலே. மறுபக்கம் பட்டலிலிருந்து கிராம்பூ வரை 50 கி.மீ., கல்லும் நாலாவும் (சாலைக்குக் குறுக்கே ஓடும் ஓடை) நிறைந்த பாதை. பகலிலேயே மூன்று மணி நேரம் ஒதுக்க வேண்டியது, இரவில் யாரும் ஓட்டக்கூடாதது. காரோட்டியே நோயாளியானால் நிலைமை இன்னும் மோசம். காசாவில் மருத்துவமனை இருக்கிறது. அங்கிருந்து டாபோ, சும்டோ பக்கம் கீழே இறங்கும் சாலையும் இருக்கிறது. எங்கள் சாய்வுக்கு இந்த ஒரு வேறுபாடே போதும்.

உயர நோயைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டால் மணாலி வழி சரிதானே என்று கேட்பார்கள். ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து 125 மில்லிகிராம் இருவேளை என்பது பெரியவர்களுக்கு வழக்கமான தடுப்பளவு. சிறுநீரகம் செய்யும் வேலையை அது விரைவுபடுத்துகிறது, அவ்வளவே. 2,200 மீட்டர் தாவலுக்கு அது ஈடாகாது. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

மணாலி வழியைத் தவிர்க்கவே முடியாது, லீவு ஏழு நாள்தான் என்றால் ஒரு மாற்று உண்டு. சுரங்கம் தாண்டி சிஸ்ஸுவிலோ கேலாங்கிலோ இரண்டு இரவு தங்குங்கள். இரண்டும் 3,100 மீட்டரை ஒட்டியவை. கேலாங் போனால் தாண்டியில் டேங்க்கும் நிரம்பிவிடும். அங்கிருந்து ஒரே நாளில் குன்சும் கடந்து காசாவில் தூங்கினால் தாவல் 550 மீட்டர்தான். சந்திரதாலைத் திரும்பும் வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இப்படிச் செய்தால் மணாலி வழியைக் குறை சொல்ல எங்களுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை.

கின்னௌரிலும் குறை உண்டு, அதை மறைப்பது தவறு. அது கல் உருளும் சாலை. 2021 ஜூலையில் சாங்க்லா பள்ளத்தாக்கின் பட்சேரியில் பாறைகள் உருண்டு ஒன்பது பயணிகள் இறந்தார்கள். அடுத்த மாதமே நிகுல்சரியில் மலை சரிந்து ஒரு பேருந்தையே மூடியது. ராம்பூர் முதல் கல்பா வரை மழை மேகம் எட்டுகிறது. அதற்கு அப்பால் மழை மறைவுப் பகுதி. எனவே ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் முடியும்வரை கின்னௌர் வேண்டாம். ஜூன் நடுப்பகுதியோ செப்டம்பரோ பாருங்கள். செப்டம்பர் என்றால் கின்னௌரில் ஆப்பிள் பறிக்கும் காலம் வேறு. கல் விழும் இடங்களில் அறிவிப்புப் பலகை இருக்கும். அங்கே போட்டோவுக்காக நிறுத்தாதீர்கள், மழைக்கு மறுநாள் காலையில் அவசரப்பட்டுக் கிளம்பாதீர்கள். அதே சமயம், உயரப் பகுதியில் பனி எந்த மாதத்திலும் பிடித்துக்கொள்ளும்: 2023 ஜூலையில் சந்திரதாலில் 250-க்கும் மேற்பட்டவர்கள் சில நாட்கள் சிக்கி மீட்கப்பட்டார்கள்.

வெளியேறும் வழியில் இன்னொரு சிக்கல், இதில் மணாலி வழியாக நுழைகிறவர்களுக்கே சாதகம். நாலாக்களில் ஓடுவது பனி உருகிய நீர். விடிகாலையில் கணுக்கால் அளவு ஓடும் அதே ஓடை, வெயில் ஏறி மதியம் ஆனதும் முழங்காலைத் தொடும். மணாலியில் நான்கு மணிக்குக் கிளம்பினால் சத்ரு பக்கத்து நாலாக்களை ஏழு மணிக்குள் கடந்துவிடலாம். காசாவிலிருந்து ஆறு மணிக்குக் கிளம்பினாலோ அங்கே வந்து சேரும்போது உச்சிவெயில். தீர்வு: கடைசி இரவைக் காசாவில் கழிக்காமல், 4,080 மீட்டர் லோசரிலோ சந்திரதாலிலோ கழிப்பது. அதற்குள் காசாவில் இரண்டு மூன்று இரவு தூங்கி, பகலில் கிப்பர், லாங்சா, ஹிக்கிம், கோமிக் என்று 4,200 முதல் 4,580 மீட்டர் வரை ஏறி இறங்கியிருப்பீர்கள். உடம்பு தயார். அதிகாலை ஐந்தரைக்குக் கிளம்பினால் பத்து மணிக்குள் நாலாக்கள் முடிந்துவிடும்.

நாலாவைக் கடக்கும் முறை: முதலில் இறங்கிப் பாருங்கள், முன்னால் ஒரு வண்டி போவதைக் கவனியுங்கள். நீர் கலங்கி அடி தெரியாத இடத்தைவிட, அகலமாகப் பரவிச் சலசலக்கும் இடம் ஆழம் குறைந்தது. முதல் கியர், சீரான ஆக்சிலரேட்டர். நடுவில் கிளட்ச்சை மிதிக்கக்கூடாது, கியர் மாற்றக்கூடாது. நடுவில் அணைந்து, ஏர் இன்டேக் வரை நீர் வந்திருந்தால் திரும்ப ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராட் வளைந்து எஞ்சினே போய்விடும். கயிறு கட்டி வெளியே இழுங்கள். கரையேறியதும் பிரேக்கை இரண்டு மூன்று முறை லேசாக மிதித்து உலர்த்துங்கள்.

டயரிலும் கவனம் வேண்டும். சமவெளியில் 33 பி.எஸ்.ஐ. அடித்த டயர், வெளிக்காற்று அழுத்தம் குறைவதால் குன்சும் உயரத்தில் இன்னும் ஆறு வரை கூடுதலாகக் காட்டியிருக்கும். குளிர் அதில் பாதியைத் தின்றுவிடும். மீதி இரண்டு மூன்று கூடி விறைப்பாக இருக்கும் டயரில்தான் கூர்ங்கல் பட்டுப் பக்கச் சுவர் கிழிகிறது. பக்கச் சுவர் கிழிந்தால் பஞ்சர் கிட் உதவாது. முழு அளவு ஸ்டெப்னி வேண்டும், கையோடு 12 வோல்ட் கம்ப்ரசரும் வேண்டும். காசாவில் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து, கம்பெனி சொன்ன அளவுக்கு இறக்கிக்கொள்ளுங்கள். டர்போ இல்லாத பெட்ரோல் கார் கணவாயில் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழக்கும். இரண்டாம் கியரில் இழுக்கவில்லை என்றால் அது கோளாறு அல்ல. முதல் கியருக்கு மாற்றி நிதானமாக ஏறுங்கள்.

மின்சாரக் கார்களைப் பற்றி இந்தப் பாதையில் எங்களுக்கு அனுபவம் போதாது, அதனால் அவற்றைச் சேர்க்கவில்லை. ஹேட்ச்பேக், செடான் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் வேறு பதில். கிரவுண்ட் கிளியரன்ஸ் 170 மி.மீ. அளவில் உள்ள வண்டி நிதானமாக ஓட்டினால் கின்னௌர் வழியே காசா வரை போய்விடும். பட்டல் பக்கத்துக் கற்களில் எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் சம்ப் அடிபடும். அந்த வண்டியோடு போகிறவர்கள் கின்னௌர் வழியே போய் அதே வழியே திரும்புங்கள். சந்திரதால் பார்த்தே ஆக வேண்டுமென்றால் காரைக் காசாவில் நிறுத்திவிட்டு, உள்ளூர் டாக்ஸி பிடித்து விடியுமுன் கிளம்பி, இருட்டுமுன் காசாவுக்கே திரும்பிவிடலாம்.