12 சிலிண்டர், 68,640 கிலோவாட்: ஒரு கப்பல் எஞ்சினோடு நான்கு காண்ட்ராக்ட்

ஆசியா–ஐரோப்பா ஓட்டத்தில் இருந்த ஒரு கண்டெய்னர் கப்பலில் நான்கு காண்ட்ராக்ட், அதாவது நான்கு தடவை மாதக்கணக்கில் கப்பலிலேயே தங்கும் பணி, முடித்திருக்கிறேன். இரண்டு ஃபோர்த் எஞ்சினியராக, இரண்டு அதற்கு ஒரு படி மேலான தேர்ட் எஞ்சினியராக. மெயின் எஞ்சின் வார்ட்சிலா சுல்சர் ஆர்டிஏ96சி, 12 சிலிண்டர். அதோடு பழகியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

எஞ்சின் ரூமில் முதல் நாள் இறங்கியபோது எஞ்சின் எங்கே இருக்கிறது என்றே புரியவில்லை. கம்பித் தளங்களும் படிக்கட்டுகளும்தான் கண்ணில் பட்டன. கீழ்த் தளத்தில் கிராங்க் கேஸ் கதவுகள், நடுத் தளத்தில் ஃபியூயல் பம்புகள், மேல் தளத்தில் சிலிண்டர் கவர்கள். நான் நின்றுகொண்டிருந்ததே எஞ்சின் மேல்தான் என்று புரியச் சற்று நேரம் ஆனது.

சிலிண்டரின் உள்விட்டம் 960 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம், 2.5 மீட்டர். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு மட்டும் 1,800 லிட்டருக்கு மேல், 1.2 லிட்டர் கார் எஞ்சின் 1,500 சேர்ந்தால்தான் அதற்கு ஈடாகும். ஆனால் முழு வேகத்திலேயே நிமிடத்துக்கு 102 சுற்றுதான். இது டூ ஸ்ட்ரோக், அதனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் எரிஎண்ணெய் போகும். ஃபுல் லோடில் ஒரு தடவைக்குச் சுமார் 160 கிராம், ஒரு டீ கிளாஸ் அளவு. கணக்குப் போட்டால் நாளுக்கு 280 டன் பக்கம் வரும். இதே குடும்பத்தின் 14 சிலிண்டர் எஞ்சின்தான் 2006-இல் வந்த எம்மா மெர்ஸ்க் கப்பலில் இருக்கிறது: 80,080 கிலோவாட், சுமார் 2,300 டன் எடை.

இந்தச் செலவைப் பார்த்து ஊதாரி என்று நினைக்க வேண்டாம். எரிபொருளின் வெப்பத்தில் ஏறக்குறைய பாதியை இது தண்டைச் சுழற்றும் வேலையாக மாற்றிவிடுகிறது. நீளமான ஸ்ட்ரோக், மெதுவான சுற்று, கொள்ளளவோடு ஒப்பிட்டால் குறைவான சுவர்ப்பரப்பு என்று எல்லாம் சேர்ந்து வெப்பம் வீணாவதைக் குறைக்கின்றன. கியர்பாக்ஸ் கிடையாது, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டோடு புரொப்பெல்லர் தண்டு நேராக இணைந்திருக்கும். ரிவர்ஸ் வேண்டுமா, எஞ்சினை நிறுத்தி, 30 பார் அழுத்தக் காற்றை விட்டு, எதிர்த் திசையில் கிளப்ப வேண்டும். அந்தக் காற்று சிலிண்டருக்குள் பாயும் சத்தத்தை முதல் தடவை கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. இன்றும் எனக்குப் பிடித்த சத்தம் அது.

எனக்கு மறக்க முடியாதது எஞ்சினைப் பிரித்துப் பழுது பார்க்கும் ஓவர்ஹால் நாட்கள்தான். கண்டெய்னர் கப்பல் துறைமுகத்தில் நிற்பது ஒரு நாளோ என்னவோ, அதற்குள் ஒரு யூனிட்டை, அதாவது ஒரு சிலிண்டரையும் அதன் பாகங்களையும், முடித்தாக வேண்டும். ஹைட்ராலிக் ஜாக் போட்டுக் கவர் நட்டுகளைக் கழற்றி, கவரை எடுத்து, மேலே இருக்கும் கிரேனில் பிஸ்டனைத் தண்டோடு தூக்குவோம். பிஸ்டன் எடை மட்டும் ஐந்தரை டன். அது லைனரை (சிலிண்டரின் உள்குழாய்) விட்டு வெளியே வரும்போது யாரும் பேச மாட்டோம். அப்புறம் ஏணி வைத்து லைனருக்குள் இறங்குவேன். ஆள் நிமிர்ந்து நிற்கலாம். சுவரெல்லாம் எண்ணெய், இன்னும் சூடு ஆறியிருக்காது. ஒரு கையில் டார்ச், மறு கையில் உள்விட்டம் அளக்கும் மைக்ரோமீட்டர். ஒரு லைனர் 25,000 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு 961.2 காட்டியது. இத்தனை பெரிய உருவத்தில் நாங்கள் கவலைப்பட்டதெல்லாம் அந்த 1.2 மில்லிமீட்டர் தேய்மானத்தைப் பற்றித்தான்.

குறை என்றால் குறைந்த லோடு. எரிஎண்ணெய்ச் செலவை மிச்சம் பிடிக்க 40 சதவீத லோடில் வாரக்கணக்கில் ஓட்டினோம். இந்த மாடலில் ஃபியூயல் பம்பும் எக்ஸாஸ்ட் வால்வும் கேம் ஷாஃப்டை, அதாவது எஞ்சினோடு சேர்ந்து சுழன்று அவற்றை இயக்கும் தண்டை, நம்பி இருப்பவை. அதனால் குறைந்த லோடில் எரிதல் சுத்தமாக இருக்காது. புகைக்கரி சேரும், சிலிண்டர் சுவருக்கு விடும் மசகு எண்ணெயான சிலிண்டர் ஆயில், சிலிண்டருக்குக் காற்று போகும் ஸ்கேவெஞ்ச் அறையில் தேங்கும். ஒருநாள் விடிகாலை 7-ஆம் யூனிட்டின் எக்ஸாஸ்ட் வெப்பநிலை மளமளவென்று ஏறியது. ஸ்கேவெஞ்ச் அறையில் தீ. வேகத்தைக் குறைத்து, அந்த யூனிட்டுக்கு எரிஎண்ணெயை நிறுத்தி, சிலிண்டர் ஆயிலைக் கூட்டினோம். முழுக்க ஆறும்வரை கதவைத் திறக்கவில்லை. திறந்து பார்த்தபோது உடைந்த பிஸ்டன் ரிங் இரண்டு. முந்தைய துறைமுகத்தில் ஸ்கேவெஞ்ச் அறையைச் சரியாகச் சுத்தம் செய்திருந்தால் இது நடந்திருக்காது. அது எங்கள் தவறு. அந்த நாளுக்குப் பிறகு எந்த அவசரத்திலும் அந்த வேலையை நான் தள்ளிப்போடவில்லை.

போன காண்ட்ராக்டில் ஆர்டி-ஃப்ளெக்ஸ் வகை எஞ்சின் உள்ள கப்பலுக்குப் போனேன். அதில் கேம் ஷாஃப்ட் இல்லை. எரிஎண்ணெய் பாய்வதையும் வால்வையும் எலக்ட்ரானிக்ஸ் கவனிக்கிறது. மிகக் குறைந்த சுற்றிலும் புகையில்லாமல் ஓடுகிறது. மெதுவாக ஓட்டும் கப்பலுக்கு அதுதான் சரி, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பழையதில் ஒரு ஃபியூயல் பம்ப் தகராறு செய்தால் கையை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன். இதில் திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். அந்தக் கைப்பழக்கம் இன்னும் வரவில்லை.