மலை விடுமுறையில் காலை ஓட்டம்: எந்தப் பாதை தேறும், எது தேறாது?

குடும்பத்தோடு மலைக்குப் போனால் ஓடுகிறவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே ஓர் இடைவெளிதான்: மற்றவர்கள் எழுந்து கிளம்புவதற்கு முன்னால் இருக்கும் ஒரு மணி நேரம். அதனால் பாதைகளை ஒப்பிடும்போது காட்சி அழகை நான் இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன். சொன்ன நேரத்துக்குத் திரும்பி வர முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால், எல்லோரும் புகழும் சில பாதைகள் பட்டியலின் அடிக்குப் போய்விடும்.

ஏரிச் சுற்று

கரையோரம் பெரும்பாலும் சமமாக இருக்கும், வழி தப்ப வாய்ப்பு குறைவு. சிறிய ஏரி என்றால் எந்தச் சுற்றோடும் நிறுத்திக்கொள்ளலாம். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஓடவும் இதுதான் வசதி. பெரிய ஏரியில் மட்டும் கவனம் தேவை. 12 கிலோமீட்டர் சுற்றில் 6-ஐத் தொட்டுவிட்டால், முன்னால் போனாலும் பின்னால் திரும்பினாலும் ஒரே தூரம்தான், சுருக்குவழி கிடையாது. அங்கே சுற்றும் ஆசையை விட்டுவிட்டு, பாதி நேரம் ஆனதும் வந்த வழியே திரும்பிவிடலாம்.

மலைச்சாலை

இங்கே தங்கும் இடம் எங்கே இருக்கிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அறை அடிவாரத்தில் இருந்தால் முதலில் ஏற்றம், திரும்பும்போது இறக்கம். களைத்த கால்களுக்கு இறக்கம் கிடைப்பதால் போன நேரத்தைவிடக் குறைவான நேரத்தில் வந்துவிடலாம். அறை உச்சியில் இருந்தால் கதை தலைகீழ். குஷியாக இறங்கிவிட்டு, ஏற்றத்தில் மூச்சு வாங்க நடந்து வர வேண்டியிருக்கும். அல்பெர்டோ மினெட்டியும் சக ஆய்வாளர்களும் 2002-இல் வெளியிட்ட அளவீடுகளின்படி, 10 சதவீத ஏற்றத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் செலவாகும் ஆற்றல் சமதளத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். அதே சரிவில் இறங்கும்போது ஏறக்குறைய 60 சதவீதம்தான். ஆகவே உச்சியிலிருந்து கிளம்புகிறவர் கையில் 45 நிமிடம் இருந்தால், 15-ஆவது நிமிடத்திலேயே திரும்பிவிடுவது நல்லது.

இறக்கத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. தொடைத் தசைகள் நீண்டுகொண்டே உடலைத் தாங்க வேண்டியிருப்பதால் அவை வலிக்கும். ஆனால் அந்த வலி அன்றைக்குத் தெரியாது. அடுத்த ஓரிரு நாளில்தான் உச்சத்துக்குப் போகும். குழந்தைகள் அருவிக்குப் படி இறங்கலாம் என்று இழுக்கும் நாளில் அப்பாவோ அம்மாவோ கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நீண்ட இறக்க ஓட்டத்தைப் பயணத்தின் கடைசி நாளுக்குத் தள்ளிவைக்கலாம்.

அப்புறம் வாகனங்கள். நடைபாதை இல்லாத சாலையில் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுவதே பொதுவான முறை. கொண்டை ஊசி வளைவின் உட்பக்கம் நீங்கள் இருந்தால் மட்டும் ஓட்டுநருக்குத் தெரிய மாட்டீர்கள். வளைவுக்கு முன்பே வெளிப்பக்கத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். பனிமூட்டம் என்றால் மலைச்சாலையே வேண்டாம்.

சரிவை ஒட்டியே போகும் பாதை

என் ஓட்டு இதற்குத்தான். மலையில் ஏறாமல் இறங்காமல், ஒரே உயரத்தில் பக்கவாட்டில் நீளும் பாதைகள் நாம் நினைப்பதைவிட அதிகம். தண்ணீர் தானாக ஓட வேண்டும் என்பதால் வாய்க்கால்கள் மிக மென்மையான சரிவில் வெட்டப்பட்டிருக்கும். அவற்றின் கரையில் பராமரிப்புப் பாதையும் இருக்கும். போர்ச்சுகலின் மதெய்ரா தீவில் இருக்கும் லெவாடாக்களும் சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்தில் இருக்கும் பீஸ்களும் அப்படி வந்தவையே. கைவிடப்பட்டு நடைபாதையாக மாறிய ரயில் தடங்களும் இதே வகை. பல்சக்கர ரயில்களை விட்டுவிட்டால், ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. ஒரே குறை: சில வாய்க்கால் கரைகள் ஓரடி அகலம்தான், பக்கத்தில் பாதாளம். அங்கே ஓட்டம் கூடாது, நடைதான்.

காட்டுப் பாதை

அழகில் முதலிடம், நேரத்தில் கடைசி இடம். வேர், கல், ஈரம், கிளைவழி என்று ஒவ்வொன்றும் நிமிடங்களைத் தின்னும். வனவிலங்கு நடமாட்டம் இருக்கும் இடத்தில் விடியற்காலையில் தனியாகப் போகவே கூடாது. பகலில், துணையோடு, வேறு வேலை இல்லாத நாளில் போகலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓட்டத்தையும் சைக்கிள் பயணத்தையும் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலியின் ஹீட்மேப் பலருக்கும் முதல் புகலிடம். ஆட்கள் அதிகம் போன வழி பிரகாசமாகத் தெரியும். 2018 ஜனவரியில் ராணுவ முகாம்களின் இருப்பிடத்தையே காட்டிக்கொடுத்த கருவி அது. ஒரு ஏரிச் சுற்றைக் காட்டாமலா போகும்? ஆனால் எல்லா வகைப் பயிற்சிகளையும் சேர்த்துப் பார்த்தால் சைக்கிள்காரர்களின் நெடுஞ்சாலையும் ஜொலிக்கும். ஓட்டத்தை மட்டும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அப்போதும் ஒரு வழியில் ஆள் போகிறார்களா என்பதுதான் தெரியும். அது எவ்வளவு செங்குத்து என்பதை வெறும் நிறம் சொல்லாது.

அதைச் சொல்வது சம உயரக் கோடுகள், அதாவது ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் கோடுகள், உள்ள வரைபடம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த இணைய வரைபடத்தை அடிப்படையாகக் கொண்ட பல செயலிகளில் இந்தக் கோடுகள் கிடைக்கும். கோடுகளுக்கு இணையாகப் போகும் பாதை சமம், குறுக்கே வெட்டிப் போவது ஏற்றம் அல்லது இறக்கம். அடுத்தடுத்த கோடுகளுக்கு இடையே உயர வித்தியாசம் 20 மீட்டர் என்றால், மேல்நோக்கி ஐந்து கோடுகளைத் தாண்டும்போது 100 மீட்டர் ஏறியிருப்பீர்கள். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் நடப்பவர்களுக்காகச் சொன்ன கணக்கு இங்கேயும் உதவும்: 100 மீட்டர் ஏற்றம், சுமார் 800 மீட்டர் சமதளத்துக்குச் சமம். 300 மீட்டர் ஏற்றமுள்ள 6 கிலோமீட்டரை 8.4 என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

உள்ளூரில் விசாரிப்பது மூன்றாவது வழி. நாய்த் தொல்லை, மண்சரிவு, பூட்டிய கேட் பற்றியெல்லாம் எந்தச் செயலியையும்விட அவர்களுக்கே நன்றாகத் தெரியும். தூரம் மட்டும் கேட்காதீர்கள். ‘பக்கத்துலதான்’ என்று சொல்லிவிடுவார்கள். மூன்றில் இரண்டுதான் முடியும் என்றால் ஹீட்மேப்பை விட்டுவிட்டு, கோட்டு வரைபடத்தில் ஒரு பாதையைக் குறித்துக்கொண்டு அதைப் பற்றி அங்கே இருப்பவர்களிடம் கேட்பேன்.

2,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடக் கால்வாசி குறைவு. அங்கே ஊரில் ஓடும் வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம். மேலே சொன்ன கணக்கோடு இன்னும் கொஞ்சம் நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவை எதுவும் ஒத்துவராத இடமும் உண்டு: உச்சியில் அறை, சுற்றிலும் செங்குத்துச் சரிவு, ஒரே ஒரு பரபரப்பான சாலை. அப்படிப்பட்ட இடத்தில், குடும்பம் எப்படியும் காரில் போகப்போகும் இடத்துக்கு நல்ல பாதை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கடைசி 5 கிலோமீட்டருக்கு முன்னால் இறங்கிக்கொண்டு ஓடி வரலாம். அவர்கள் போய் வண்டியை நிறுத்தி, கழிவறை தேடி, படம் எடுத்து முடிப்பதற்குள் நீங்களும் வந்துவிடுவீர்கள். மாற்றுச் சட்டையைக் காரிலேயே விட்டுவிடலாம்.